சீர்காழியைத் தேடி சிதம்பரம் போன கதை

முதலில் அந்த ஆட்டோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மனசு ஆறாது. சிதம்பரம் ரயில் நிலையத்திலிருந்து கீழ வீதிக்கு ஆற அமர நடந்தாலே அரை மணி ஆகாது. அதற்கு இருநூறு ரூபாய். "நாலு லேடீஸ், நாலு பெட்டி. இருநூறு நியாயம்தாம்மா" என்றார். நூறுக்கு மேல் ஒரு பைசா தரமாட்டேன் என்று நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே, மூட்டு வலிக்காரி தேனி உள்ளே ஏறி உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒருத்தி ஏறி உட்கார்ந்தபிறகு என்ன பேரம் வேண்டிக்கிடக்கிறது? கொடுத்துத் தொலைத்தோம். நான்கு நாளாகியும் எனக்கு எரிகிறது.

தேனி என்றால் ஊர் இல்லை, ஆள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1992-இலிருந்து 1994 வரை எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தபோது விடுதியில் எங்களுக்கெல்லாம் ஊர்தான் பெயர். எங்கள் வகுப்பில் லட்சுமி மட்டும் மூன்று பேர், வேறு வழி? தேனி, ஆரணி, காரைக்கால், சீர்காழி, செய்யாறு. செய்யாறு நான். இப்போது தேனி இருப்பது தாம்பரத்தில், ஆரணி இருப்பது கொளத்தூரில். காரைக்கால் கல்யாணமானதிலிருந்து அம்பத்தூர். பெயர் மட்டும் மாறவில்லை. சீர்காழி எங்கே என்பதுதான் யாருக்கும் தெரியாமல் இருந்தது.

பழைய வகுப்புச் சந்திப்புக்கு எழும்பூரிலிருந்து காலையில் கிளம்பும் சோழன் எக்ஸ்பிரஸில் போனோம். உட்கார்ந்து போகும் முன்பதிவு டிக்கெட் நூற்றுச் சொச்சம்தான், பஸ்ஸைவிட மலிவு, கால் நீட்டலாம், கழிப்பறை உண்டு. ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் கடைசியில் சொன்னதுதான் முதல் காரணம். நாங்கள் படித்த காலத்தில் அது மீட்டர் கேஜ். ஆடி ஆடி வரும், ஜன்னலோரம் உட்கார்ந்தால் தாவணியெல்லாம் கரி. விழுப்புரம் - மயிலாடுதுறை அகலப்பாதை 2010-இல்தான் திறந்தது. இப்போது ஆட்டமும் இல்லை, கரியும் இல்லை. கடலூர் தாண்டும்வரை பேச்சு நிற்கவில்லை, நடுவில் என்ன ஊர் வந்தது என்று கேட்காதீர்கள்.

சரி, சந்திப்பு. முப்பது வருடம் கழித்து மொத்த வகுப்பும் கூடுவது. ஆளுக்கு நான்காயிரம் ரூபாய் வசூலித்தார்கள். நான்காயிரத்துக்கு என்ன கிடைத்தது என்றால், ஏசி ஹால், பெரிய ஃபிளெக்ஸ், ஆளுக்கொரு சால்வை, கண்ணாடியில் ஒரு கேடயம், பனீர் மிதக்கும் பஃபே. சால்வை என் வீட்டில் ஏற்கெனவே ஏழு இருக்கிறது. அந்தக் கேடயத்தை ரயிலில் உடையாமல் கொண்டுவர நான் பட்ட பாடு இருக்கிறதே! காலை பதினொன்றரை முதல் ஒன்றரை வரை மேடையில் ஒவ்வொருவராக ஏறி எந்தக் கம்பெனியில் என்ன பதவி, பையன் எந்த நாட்டில் என்று சொன்னார்கள். கீழே உட்கார்ந்து நாங்கள் கைதட்டினோம். இதற்கா இத்தனை தூரம்?

ஆனாலும் ஒன்று ரசித்தேன். அந்தக் காலத்தில் வகுப்பில் ஆண்களும் பெண்களும் பேசிக்கொண்டதே கிடையாது. ரெக்கார்டு நோட்டு வாங்குவதென்றால்கூட "ஏங்க, அந்த நோட்டு" என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்பார்கள். இப்போது தாத்தாவாகிவிட்டவர்களும் எங்களிடம் வந்து, "நல்லா இருக்கீங்களாங்க?" என்கிறார்கள். அவர்களுக்குள் மச்சான், மாப்ள, வாடா போடாதான். எங்களிடம் மட்டும் அதே 'ங்க'. வாட்ஸ்அப் குழுவில் தினமும் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொல்கிறவர், நேரில் என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

கடைசியில் திரையில் ஒரு பட்டியல் போட்டார்கள். 'தொடர்பில் இல்லாதவர்கள்' என்று ஒன்பது பெயர். ஆரணி விரல்விட்டு எண்ணினாள். ஏழு பேர் பெண்கள். மொத்த வகுப்பு முப்பத்து நான்கில் நாங்களே பதினொரு பேர்தான்!

மேடையில் இருந்தவர், "இவங்கள்லாம் ஆர்வம் காட்டலை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆர்வமாம் ஆர்வம். பையன்களுக்கு அப்பா பெயரின் முதலெழுத்து சாகும்வரை கூடவே வருகிறது. எங்களுக்குக் கல்யாணத்தன்று மாறிவிடுகிறது. எஸ். லட்சுமி என்று முகநூலில் தேடினால் ஊரே வருகிறது, அவள் இப்போது ஆர். லட்சுமியோ கே. லட்சுமியோ யாருக்குத் தெரியும்? முகப்புப் படத்தில் பிள்ளையாரோ பேரனோ இருப்பான். கல்யாணமான புதிதில் இன்லண்ட் லெட்டர் போட்டோம், எழுபத்தைந்து பைசா. மாமியார் வீட்டில் யார் முதலில் பிரித்துப் படிப்பார்களோ என்று பயந்து பயந்து, "நலம், நலமறிய ஆவல்" என்பதற்கு மேல் எதையும் எழுதவில்லை. இரண்டு முறை வீடு மாறினால் அதுவும் போச்சு. இதையெல்லாம் மைக்கைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பஃபே வரிசையில் நின்றேன்.

அன்று சாயங்காலம் பல்கலைக்கழகத்துக்குள் நடந்தோம். நுழைவாயில் பக்கம் மாணவர் ராஜேந்திரன் சிலை அப்படியே இருக்கிறது. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர். படிக்கும்போது தினமும் கடந்து போன சிலை, அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். சின்னப் பையன். என் இளைய மகன் வயதுகூட இருக்காது. சாஸ்திரி ஹால் பக்கம் போனபோது இருட்டிவிட்டது. அந்த மரத்தடிக் காற்றும் கொசுவும் மாறவே இல்லை.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு ஒரு தனிப் பதிவே போடலாம். கீழ வீதிக்குப் பக்கத்துச் சந்தில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு வீட்டுத் திண்ணை மெஸ். இட்லியும் கத்தரிக்காய் கொத்சுவும். சென்னையில் கொத்சு என்று ஊற்றுவது தண்ணீர் விட்ட தக்காளிச் சாம்பார். இது வேறு ஜாதி. கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி, குழைய விட்டு, புளி ஊற்றி, தனியாவும் மிளகாயும் வறுத்துப் பொடித்ததைப் போட்டு, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை சுண்டவைத்தது. இட்லியின் நடுவில் குழி பண்ணி ஊற்றிக்கொண்டேன். அந்த அம்மா கொஞ்சம் சம்பா சாதமும் வைத்தார். மிளகும் சீரகமும் நெய்யும், அவ்வளவுதான் அதில். நடராஜருக்கு நைவேத்தியமாகும் சாதம். மிளகு தொண்டையில் ஏற, மேலே ஒரு வாய் கொத்சு. நான்கு பேர் வயிறு முட்டச் சாப்பிட்டு இருநூற்று அறுபது ரூபாய். நான்காயிரம் ரூபாய் பனீரை நினைத்துக்கொண்டே கை கழுவினேன்.

அதன்பிறகு பிச்சாவரம். அரசு டவுன் பஸ் இருக்கிறது, பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கூட வந்த மூன்று ஆண் நண்பர்கள் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! படகு விஷயத்தில் ஒரே ஒரு அறிவுரை: மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகில் போங்கள். மோட்டார் படகு அகலமான கால்வாயில் சத்தம் போட்டுக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். துடுப்புப் படகுதான் சுரபுன்னை வேர்கள் கவிழ்ந்த சந்துகளுக்குள் நுழையும். தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். உள்ளே போனதும் வெயிலும் இல்லை, சத்தமும் இல்லை. தண்ணீரில் துடுப்பு விழும் ஒலி மட்டும். படகுக்காரர் ஒரு மரத்தைக் காட்டி, "தில்லை. இதன் பாலு கண்ணுல பட்டா பார்வை போயிடும், கை வைக்காதீங்க" என்றார். தில்லை என்று பெயர் வாங்கிய ஊரில் இரண்டு வருடம் படித்திருக்கிறோம், தில்லை மரத்தை அன்றுதான் பார்க்கிறோம். கெமிஸ்ட்ரிக்காரர்கள் அல்லவா, அந்தப் பாலில் என்ன இருக்கும் என்று படகிலேயே சண்டை. மேடையில் பதவி சொன்ன ஆள்தான், "எனக்கு எல்லாம் மறந்துபோச்சுங்க" என்று சிரித்தார். அப்போதுதான் எனக்கு அவரைப் பிடித்தது.

திரும்பும் வழியில் தேனி கைப்பையிலிருந்து ஒரு ஆட்டோகிராஃப் நோட்டை எடுத்தாள். 1994-இல் எல்லோரும் எழுதிக் கொடுத்தது. சீர்காழியின் பக்கத்தில் பச்சை மையில் முகவரி, தெருப் பெயரோடு, 'நாகை காயிதே மில்லத் மாவட்டம்' என்று. அந்த மாவட்டப் பெயரே இப்போது இல்லை, சீர்காழி மயிலாடுதுறை மாவட்டத்துக்குப் போய்விட்டது. "இருபது கிலோமீட்டர்தானேடி, போய்ப் பார்த்துடலாம்" என்றாள்.

போனோம். அந்த பஸ்ஸைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. கொள்ளிடம் பாலம்வரை நின்றுகொண்டே போனோம், ஆரணியின் காலில் ஒருவர் கோழிக்கூண்டை வைத்துவிட்டார்.

சீர்காழியில் அந்தத் தெரு இருந்தது, வீடு இல்லை. அந்த இடத்தில் செல்போன் கடை. எதிரே ஒரு பழைய மருந்துக்கடை. உள்ளே இருந்த பெரியவரிடம் தயங்கித் தயங்கி, "முப்பது வருஷத்துக்கு முன்னாடி இந்த வீட்டுல லட்சுமின்னு..." என்று ஆரம்பித்தேன். "வாத்தியார் பொண்ணா? சிதம்பரத்துல படிச்சதே?" என்றார். வீட்டை விற்று இருபது வருடமாகிறதாம். தம்பி நம்பர் இருந்தது. தம்பி எங்களை நம்பவில்லை, "நீங்க யாரு, எதுக்குக் கேக்கறீங்க, லோனா?" என்று கால் மணி நேரம் விசாரித்தார். விடுதி அறை எண்ணைச் சொன்னபிறகு, அக்காவிடம் கேட்டுவிட்டு அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டார்.

நம்பர் வந்தபோது நாங்கள் சிதம்பரம் திரும்பும் பஸ்ஸில் இருந்தோம். ஸ்பீக்கரில் போட்டேன். ஓசூரில் இருக்கிறாள், மகள் வீட்டில், பேரனைப் பார்த்துக்கொண்டு. "யாரு, செய்யாறா?" என்றாள். குரல் அப்படியே இருந்தது. நான் எதுவும் சொல்வதற்குள் கேட்டாள்: "ஏண்டி, பி.எச்டி. முடிச்சியா? நீ பண்றேன்னு சொன்னியே."

"இல்லடி" என்றேன்.

"அடப்பாவி, நான் எல்லார்கிட்டயும் என் ரூம்மேட் டாக்டர்னு சொல்லி வச்சிருக்கேனே!"

பின்னால் குக்கர் விசிலடித்தது, பேரன் அழுதான், ராத்திரி கூப்பிடுகிறேன் என்று வைத்தாள். கூப்பிட்டாள். ஒன்றரை மணி நேரம். என் போனில் சார்ஜ் தீர்ந்து தேனி போனுக்கு மாறினோம்.

செலவு வரிசையாகப் போடுவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன். போட்டுப் பார்த்தால், அந்த நான்காயிரத்தை விட்டுவிட்டால் ரயில், லாட்ஜ், படகு, சாப்பாடு எல்லாம் சேர்த்து என் பங்கு இரண்டாயிரத்துக்குள் முடிந்திருக்கிறது. அதில் ஐம்பது ரூபாய் அந்த ஆட்டோ. சித்திரையில் ஓசூர் போகிறோம், கோயம்பேட்டிலிருந்தா கிளாம்பாக்கத்திலிருந்தா எந்த பஸ் வசதி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கோழிக்கூண்டு இல்லாத பஸ்ஸாக இருந்தால் நல்லது.