சாய்கோட்டுக்குக் கீழே இருக்கும் எண்: உயிர்மீட்பு ஸ்டேஷனில் தோற்றதும் தேறியதும்

நேற்று முன்தினம் முடிவு வெளியானது. அவசர மருத்துவ முதுநிலைச் செய்முறைத் தேர்வில் இரண்டாம் முயற்சியில் தேறிவிட்டேன். முதல் முறை என்னை வீழ்த்தியது ஒரே ஒரு ஸ்டேஷன்தான், அதாவது தேர்வாளர் முன் ஒரு சூழலைக் கையாண்டு காட்ட வேண்டிய ஒரு தேர்வுக் கட்டம். மற்றவற்றில் போதிய மதிப்பெண் இருந்தும், உயிர்மீட்பின்போது இரத்த ஓட்டத்தைக் கண்காணிக்கும் அந்த ஒன்றில் தவறியதால் ஆறு மாதம் காத்திருக்க நேர்ந்தது. தேர்வின் அமைப்பும் நேரப் பங்கீடும் உங்களுக்குத் தெரிந்தவையே என்பதால் அவற்றை விட்டுவிட்டு நேராக அந்த ஸ்டேஷனுக்கு வருகிறேன். இந்த ஸ்டேஷனுக்கு ஆறு மாதமாக நான் கொடுத்த இடம் மிக அதிகம் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முதல் முறை நடந்ததைச் சொல்கிறேன். பொம்மைக்கு ஏற்கெனவே மூச்சுக்குழாய் போட்டிருந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நோயாளிக்கு இதயம் நின்றுவிட்டது, ஆர்ட்டீரியல் லைன் (தமனிக்குள் இருந்து அழுத்தத்தை அளக்கும் குழாய்) இருக்கிறது என்று வாசலில் ஒட்டியிருந்த குறிப்பு சொன்னது. ஒருவர் மார்பை அழுத்திக்கொண்டிருந்தார். திரையில் சிவப்பு எழுத்தில் 84/12 என்று தெரிந்தது, அதாவது மேலே சிஸ்டாலிக் (அழுத்தும்போது உள்ள இரத்த அழுத்தம்), கீழே டயஸ்டாலிக் (தளர்த்தும்போது எஞ்சும் அழுத்தம்); வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃபில் 8. தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி, “இரத்தம் ஓடுகிறதா, டாக்டர்?” என்பதுதான். நான் பொம்மையின் தொடை இடுக்கில் விரல் வைத்தேன். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் நாடி விரலில் தட்டியது. “சிஸ்டாலிக் 84 இருக்கிறது, தொடையில் நாடியும் கிடைக்கிறது, அழுத்தம் நன்றாக நடக்கிறது” என்று சொல்லிவிட்டு, இரத்த நாளங்களைச் சுருக்கும் மருந்தான அட்ரினலின் கேட்டேன். இரண்டு நிமிடச் சுற்றுகள் இரண்டு முடிந்தன. எண்கள் அசையவில்லை. அழுத்திக்கொண்டிருந்தவர் ஒவ்வொரு முறையும் உள்ளங்கையின் எடையை மார்பின்மீதே விட்டபடி, சாய்ந்து நின்று அழுத்திக்கொண்டிருந்தார் என்பதை மணி அடிக்கும் வரை நான் கவனிக்கவே இல்லை. அதைக் கவனிப்பதற்காகத்தான் அந்த ஸ்டேஷனையே அமைத்திருந்தார்கள்.

இந்தத் தவற்றைப் புரிந்துகொள்ள உடலியங்கியலில் ஒரு பத்தி போதும், ஆனால் அந்தப் பத்தியை மனப்பாடமாக அன்றி, புரிந்து வைத்திருக்க வேண்டும். மார்பை அழுத்தும்போது பெருந்தமனியில் மட்டும் அழுத்தம் ஏறுவதில்லை. வலது மேலறையிலும் அதே வேளையில் ஏறுகிறது. அழுத்தும் கணத்தில் இவ்விரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லாததால் இதயத் தசைக்குள் இரத்தம் ஏறக்குறைய போவதே இல்லை. கையைத் தளர்த்தும் கணத்தில்தான் போகிறது. அப்போது பெருந்தமனியில் எஞ்சியிருக்கும் அழுத்தத்திலிருந்து வலது மேலறை அழுத்தத்தைக் கழித்தால் வருவதே கரோனரி பெர்ஃப்யூஷன் அழுத்தம். என் திரையில் இருந்த 12 இலிருந்து மேலறை அழுத்தம் 8 என்று வைத்துக் கழித்தால் மிஞ்சுவது வெறும் 4. நூறு நோயாளிகளிடம் இந்த அழுத்தத்தை அளந்து 1990 இல் வெளியான ஆய்வில், அது ஒரு முறைகூட 15 மி.மீ. பாதரசத்தை எட்டாத எவருக்கும் இதயம் மீண்டும் துடிக்கவில்லை. நான் 84 ஐப் படித்து நிம்மதியடைந்த அந்த நான்கு நிமிடமும், உண்மை நோயாளியாக இருந்திருந்தால், அவருடைய இதயத் தசை பட்டினியில் கிடந்திருக்கும்.

ஆகவே, இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: ஆர்ட்டீரியல் லைனில் சாய்கோட்டுக்குக் கீழே இருக்கும் எண்ணை முதலில் வாசியுங்கள், வாய்விட்டு வாசியுங்கள். அடைப்புக்குறிக்குள் வரும் சராசரியையும் நம்ப வேண்டாம். 84/12 க்கு அது 36 என்று காட்டி மேலும் குழப்பும். 2013 இல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட ஒருமித்த அறிக்கை, மார்பு அழுத்தத்தை எந்த அளவைக் கொண்டு வழிநடத்தலாம் என்று வரிசைப்படுத்துகிறது. பெருந்தமனி, மையச் சிரை இரண்டிலும் குழாய் இருந்தால் கரோனரி பெர்ஃப்யூஷன் அழுத்தம் 20 க்கு மேல், ஆர்ட்டீரியல் லைன் மட்டும் இருந்தால் டயஸ்டாலிக் 25 க்கு மேல், இரண்டுமே இல்லாமல் கேப்னோகிராஃப் மட்டும் இருந்தால் 20 க்கு மேல். குழந்தைகள் ஸ்டேஷன் வந்தால் டயஸ்டாலிக் இலக்கு வேறு: ஒரு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் குறைந்தது 25, அதற்கு மேற்பட்டவர்களுக்குக் குறைந்தது 30.

தொடை நாடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் என்னுடன் எழுதியவர்களில் பலர் அதே பொறியில் விழுந்தார்கள். கீழ்ப் பெருஞ்சிரையில் வால்வுகள் இல்லை. மார்பை அழுத்தும்போது இரத்தம் பின்னோக்கிச் சென்று தொடைச் சிரையையும் துடிக்க வைக்கும். விரலில் தட்டுவது தமனியா சிரையா என்று தொட்டுச் சொல்ல முடியாது. தமனியே ஆனாலும் அந்தத் துடிப்பு அழுத்தும் கணத்துக்கு உரியது. நமக்கு வேண்டியதோ தளர்த்தும் கணத்தின் கணக்கு. அழுத்தம் நடக்கும்போது நாடி பார்த்து “நன்றாக இருக்கிறது” என்று சொல்லும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

நான் குழுவாகப் படிக்க இயலாதவன். நாலு பேர் பேசும் இடத்தில் எனக்கு எதுவும் ஏறாது. கையால் எழுதினால்தான் தங்கும். எனவே என் அறிவுரை அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். ஆறு மாதமும் தினம் இருபது நிமிடம், கட்டம் போட்ட தாளில் அலைவடிவங்களை வரைந்தேன். ஆர்ட்டீரியல் அலையை ஒரு வரியிலும், அதற்கு நேர்கீழே கேப்னோகிராஃப் அலையை இன்னொரு வரியிலும் வரைந்து, பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுவேன்: ‘இப்போது என் கை என்ன செய்யும்?’ ஐந்து படங்கள் போதும்.

1. கேப்னோகிராஃப் 18 இலிருந்து ஒரு நிமிடத்துக்குள் 15, 13, 11 என்று படிப்படியாக இறங்குகிறது. அழுத்துபவர் களைத்துவிட்டார். இரண்டு நிமிடம் ஆகட்டும் என்று காத்திராமல் ஆளை மாற்று.
2. திடீரென்று கோடு தட்டையாகிறது. குழாய் நழுவியது, கழன்றது அல்லது அடைத்தது. இரத்த ஓட்டத்தைப் பற்றிப் பேசும் முன் குழாயைப் பார்.
3. 15 இலிருந்து 38 க்குத் தாவுகிறது. இதயத் துடிப்பு திரும்பியிருக்கலாம். சுற்று முடியட்டும், அழுத்தும் கையை அப்போதே எடுக்காதே.
4. டயஸ்டாலிக் 12, சிஸ்டாலிக் உயரம். சாய்ந்து அழுத்துகிறார்கள், அல்லது மூச்சுக்காற்றுப் பையை மிக வேகமாகப் பிசைகிறார்கள்.
5. அட்ரினலினுக்குப் பிறகு டயஸ்டாலிக் ஏறுகிறது, கேப்னோகிராஃப் இறங்குகிறது.

முதல் படத்துக்குப் பின்னால் ஒரு பழைய வரலாறு உண்டு. கேப்னோகிராஃபைக் கொண்டு இதய அழுத்தத்தின் தரத்தை அறியலாம் என்று 1978 இலேயே கலெண்டா எழுதினார். அழுத்துபவர் சோர்ந்தால் அளவு குறைவதையும் ஆள் மாறினால் ஏறுவதையும் அவர் கண்டார். அதற்கும் முன்னால், 1960 இல் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் வெளியிட்ட மூடிய மார்பு அழுத்த முறையே கண்காணிப்பிலிருந்து பிறந்ததுதான். நாயின் மார்பில் கனமான டிஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் கருவி) தட்டுகளை அழுத்தி வைத்தபோது தமனி அழுத்தக் கோடு ஏறுவதை நிக்கர்பாக்கர் பார்த்தார். அழுத்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கண் இல்லாமல் இந்த முறையே கிடைத்திருக்காது என்பது என்னைத் தனிப்பட்ட முறையில் மிகவும் பாதித்த செய்தி.

ஐந்தாவது படத்துக்காக நான் செலவிட்ட நேரமே மிக அதிகம், அதுவே இரண்டாம் முறை கேள்வியாக வந்தது. அட்ரினலின் போனதும் திரையில் டயஸ்டாலிக் 18 இலிருந்து 27 க்கு ஏறியது, கேப்னோகிராஃப் 19 இலிருந்து 14 க்கு இறங்கியது. “ஓட்டம் கூடுகிறதா, குறைகிறதா?” என்று தேர்வாளர் கேட்டார். இரண்டும் இரண்டு வேறு ஓட்டங்களைச் சொல்கின்றன என்று தொடங்கினேன். மூச்சு வெளியேற்றத்தின் முடிவில் அளக்கும் கார்பன் டை ஆக்சைடு மூன்றைச் சார்ந்தது: உடல் எவ்வளவு உண்டாக்குகிறது, நுரையீரல் வழியே எவ்வளவு இரத்தம் போகிறது, காற்று எவ்வளவு மாறுகிறது. முதலாவதும் மூன்றாவதும் நிலையாக இருக்கும்போதுதான் அது இதய வெளியேற்றத்தின் அளவுகோலாகிறது. அட்ரினலின் புறத் தமனிகளைச் சுருக்கிப் பெருந்தமனியின் தளர்வு அழுத்தத்தை உயர்த்துகிறது. அதே வேளையில் நுரையீரல் வழியே போகும் ஓட்டம் சிறிது நேரம் குறையக்கூடும். சோடியம் பைகார்பனேட் கொடுத்தால் இதற்கு நேர்மாறாக, ஓட்டம் கூடாமலே அளவு ஏறும். ஆகவே மருந்து போன பிறகு ஓரிரு நிமிடம் கேப்னோகிராஃபின் இறக்கத்தைத் தனியாக எடுத்து முடிவு செய்ய மாட்டேன், டயஸ்டாலிக்கைப் பார்ப்பேன், அழுத்துபவரின் கையைப் பார்ப்பேன் என்று சொன்னேன். தேர்வாளர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த தாளைப் புரட்டினார். அந்தப் புரட்டலில்தான் எனக்கு மூச்சு வந்தது.

எண் குறைவாக இருந்தால் செய்ய வேண்டியவற்றின் வரிசையும் முக்கியம். முதலில் கை, பிறகுதான் மருந்து. நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ. என்பதெல்லாம் எல்லோரும் ஒப்பிக்கிறோம். ஆனால் மார்பு முழுதாக எழும்புகிறதா என்று குனிந்து பக்கவாட்டிலிருந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. நான் இரண்டாம் முறை நுழைந்தவுடன் கட்டிலின் மட்டத்துக்குக் குனிந்து, அழுத்துபவரின் உள்ளங்கைக்கும் மார்புக்கும் இடையே பார்த்தேன். “முழுதாக எழும்ப விடுங்கள், கையைச் சாய்க்காதீர்கள்” என்று உரக்கச் சொன்னேன். அடுத்து பை பிசைபவரிடம் நிமிடத்துக்குப் பத்து மட்டும் என்றேன், ஏனெனில் மிகையாகக் காற்றை ஏற்றினால் மார்புக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. அதற்கும் எண் ஏறாவிட்டால் கையின் இடத்தைச் சற்று மாற்றச் சொல்லலாம். வழக்கமான இடத்தில் அழுத்தும்போது சிலருக்கு இடது கீழறையின் வெளியேறு பாதையே நசுங்குகிறது என்பதை உணவுக்குழாய் வழி எக்கோ காட்டியிருக்கிறது. இவற்றுக்குப் பிறகே மருந்து. இரத்தப்போக்கு போன்ற காரணம் இருந்தால் அதற்குரிய சிகிச்சை.

அல்ட்ராசவுண்ட் பற்றி ஓர் எச்சரிக்கை. கருவி மேசையில் இருந்தாலே எடுத்துவிட வேண்டும் என்ற துடிப்பு நம் எல்லோருக்கும் இருக்கிறது. நாடி பார்க்கும் இடைவெளி 10 வினாடியைத் தாண்டக்கூடாது. 2017 இல் வெளியான ஓர் ஆய்வில், அல்ட்ராசவுண்ட் இல்லாத இடைவெளி சராசரியாக 13 வினாடியும், அது பயன்பட்ட இடைவெளி 21 வினாடியும் நீண்டன. எனவே அழுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே புரோபை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிடுங்கள். இடைவெளியில் சில வினாடி பதிவு மட்டும் எடுங்கள், ஒருவர் வாய்விட்டு எண்ணட்டும், அழுத்தம் மீண்டும் தொடங்கிய பிறகு பதிவைப் பாருங்கள். ஈசிஜியில் தாளம் இருந்து நாடி கிடைக்காதபோது, இதயம் உண்மையிலேயே அசையாமல் கிடக்கிறதா, மெலிதாகத் துடித்தும் விரலுக்கு எட்டவில்லையா என்று பிரித்தறிய இது உதவும். அதற்கு மட்டும் பயன்படுத்தினாலே போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே படித்தேன்.

- விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர்: நல்ல துடிப்பு வேண்டும், அழுத்தத்தின்போது அதன் எண்ணை நம்பி எதையும் செய்யாதீர்கள்.
- மூளை ஆக்சிமீட்டர்: துடிப்பு தேவையில்லை என்பதே அதன் சிறப்பு. ஒற்றை அளவைவிட ஏறுகிறதா என்ற போக்கே பயன்படும்.
- மையச் சிரை ஆக்சிஜன் செறிவு: வழக்கத்தில் 60 முதல் 80 விழுக்காடு, 30 க்குக் கீழேயே நின்றால் இதயம் திரும்புவது அரிது.

“எப்போது நிறுத்துவீர்கள்?” என்ற கேள்வி வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நிச்சயம் வரும். மூச்சுக்குழாய் போட்டவருக்கு 20 நிமிடத்துக்குப் பிறகும் கேப்னோகிராஃப் 10 ஐ எட்டவில்லை என்றால் மீள்வதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்பது 1997 இல் 150 நோயாளிகளிடம் செய்த ஆய்விலிருந்து நாம் அறிவது. ஆனால் அந்த ஒரே எண்ணை வைத்து நிறுத்துவேன் என்று சொன்னால் மதிப்பெண் போகும், போகவும் வேண்டும். முதலில் குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா, அழுத்தம் தரமாக நடந்ததா, திருத்தக்கூடிய காரணம் எதுவும் எஞ்சியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. என் முதல் முயற்சியில் இருந்த 8 அப்படிப்பட்டதுதான். சாய்ந்து நின்ற ஒரு கையால் வந்தது அது.

இரண்டாம் முறையும் நான் மதிப்பெண் இழந்த இடம் ஒன்று உண்டு. கேப்னோகிராஃப் 16 இலிருந்து 39 க்குத் தாவியது, சுற்றை முடித்தேன், அழுத்தம் நின்ற பிறகும் ஆர்ட்டீரியல் அலை தானாக எழுந்தது. அத்தனை மாதம் வரைந்த அலை கண்முன்னே எழுந்ததும் என் கவனம் அங்கேயே நின்றுவிட்டது. சிஸ்டாலிக் 90 க்கும் சராசரி 65 க்கும் குறையாமல் காக்க வேண்டும் என்பதையும், அதற்கு எந்த மருந்தைத் தொடங்குவேன் என்பதையும் தேர்வாளர் இரண்டு முறை கேட்ட பிறகே சொன்னேன். இதயம் திரும்பிய நொடியிலிருந்து மேலே இருக்கும் எண்ணும் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணும் மீண்டும் பொருள் பெறுகின்றன. அந்தப் பகுதிக்கு நான் ஒதுக்கிய நேரம் போதவில்லை, நீங்கள் கூடுதலாக ஒதுக்குங்கள்.