இடிப்பது கணக்கா, கேள்வியா?

வகுப்பில் எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்தினால் சிலருக்கு எட்டாது என்பது எந்த ஆசிரியருக்கும் தெரிந்ததுதான். யாருக்கு எங்கே இடிக்கிறது என்பதுதான் லேசில் பிடிபடாது. நடுநிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன், என் வேலையில் பாதி இந்தத் தேடலிலேயே போகிறது.

வாய்க்கணக்கில் வெளுத்துக்கட்டும் ஒரு மாணவி, தேர்வில் வாக்கியக் கணக்குகளை மட்டும் தொடவே மாட்டாள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வியை நானே வாசித்தேன், மறுபேச்சில்லாமல் போட்டுவிட்டாள். மூன்று வரிக் கேள்வியை அவள் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் முதல் வரி மறந்துபோகிறது, அவ்வளவுதான் விஷயம். அப்புறம் அவளுக்கான தாளில் வரிக்கு ஒரு தகவலாக உடைத்து, எழுத்தையும் பெரிதாக்கிக் கொடுத்தேன். எண்களில் கை வைக்கவில்லை. பாவம் என்று சுலபமான கணக்காகவே கொடுத்துக்கொண்டிருந்தால், அந்தப் பிள்ளை அந்த வருடப் பாடத்தைத் தொடாமலே அடுத்த வகுப்புக்குப் போய்விடும். வாசிப்புக்கு மொழி ஆசிரியர் தனியாகப் பயிற்சி கொடுக்கிறார்.

பயிற்சி முகாம்களில் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, அப்படிப் பிரித்து நடத்துவதால் பலன் உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-லேயே எழுதிவிட்டார்கள். 1/3 பெரிதா, 1/4 பெரிதா என்று கேட்டால் "நாலுதானே டீச்சர் பெரிசு" என்று சொல்ல எல்லா வகுப்பிலும் ஆள் உண்டு, ஒரே நீளக் காகிதப் பட்டைகளை மூன்றாகவும் நான்காகவும் மடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவர்கள் எல்லோருக்குமே உதவுகிறது, இதில் யார் எந்த வகை என்று நான் ஏன் பார்க்க வேண்டும்?

இன்னொன்று, காத்திருப்பது. 1970-களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடிதான் பொறுத்திருந்தார்கள். அதை 3 நொடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, வாயே திறக்காதவர்களும் பேசினார்கள். கேட்கச் சின்ன விஷயம்தான். முன்வரிசை கையைத் தூக்கிக்கொண்டு துள்ளும்போது சும்மா நின்று பாருங்கள், தெரியும்.

சீக்கிரம் முடிப்பவர்களுக்கு மேலும் பத்துக் கணக்கு கொடுப்பது தண்டனை மாதிரிதான். தப்பாகப் போட்ட ஒரு கணக்கைக் கொடுத்து, எந்தப் படியில் சறுக்கியது, போட்டவர் என்ன நினைத்திருப்பார் என்று எழுதச் சொல்கிறேன்.

சரி, அந்த மாணவிக்கு மட்டும் ஏன் தனித்தாள் என்ற கேள்வி வராமல் இருக்குமா? வந்தது. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று பெரிய எழுத்துத் தாளை மேசையிலேயே வைத்துவிட்டேன். எடுத்துப் போனவர்களில் முதல் மதிப்பெண் வாங்குகிற பையனும் உண்டு, கேட்டால் இதில் வழிமுறை எழுத இடம் நிறைய இருக்கிறது என்கிறான்.