‘சியாராஹான் பெர்டானா’ எங்கள் ஊருக்கு வந்த கதை

பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக உயர்ந்தவர் தம் ஆராய்ச்சியைப் பொதுமக்கள் முன்னால் எடுத்துச் சொல்லும் உரைக்கு இங்கே மலேசியாவில் ‘சியாராஹான் பெர்டானா’ என்று பேர். பொதுமக்கள் என்பது பேச்சுக்குத்தான். வந்து உட்காருவது பெரும்பாலும் கூட வேலை செய்கிறவர்களும் உறவுக்காரர்களும்.

என்னிடம் தமிழ்ப்பள்ளியில் படித்த பையன் ஒருவன், சுங்கை சிப்புட் தோட்ட லயத்துப் பிள்ளை, ரப்பர் மரத்தின் பால் ஓட்டம் பற்றி அப்படி ஓர் உரை ஆற்றினான். முன்வரிசையில் அவன் அம்மா. முப்பது வருசம் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். “அம்மாவுக்கு ஒரு வரி புரியல சார். நம்ம ஊர்ல தமிழ்ல பேசணும், நீங்கதான் எழுதித் தரணும்” என்றான்.

பல்கலைக்கழகத்தில் எந்தப் பிரிவு அனுமதி தரவேண்டும் என்று முடிவாகவே மூன்று வாரம். கோயில் மண்டபத்துக்கு ஒரே போன்தான்.

மொழிபெயர்ப்பில்தான் மாட்டிக்கொண்டேன். அகராதி பார்த்து ‘விறைப்பழுத்தம்’ என்று எழுதிவிட்டு அந்த அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்தார். “விடியறதுக்கு முந்தி மரம் தெம்பா இருக்கும், வாத்தியாரே. வெயில் ஏறினா சோந்து போயிடும். அதானே?” அதேதான். இரவில் மரம் நீரை நிரப்பிக்கொள்வதால் பட்டைக்குள் அழுத்தம் கூடுகிறது, அதிகாலையில் சீவினால் பால் நன்றாக ஓடுகிறது. ‘தெம்பு’ என்றே போட்டேன். குழாய் வாய் அடைத்துப் பால் நின்றுபோவதை விளக்க எனக்கு அரைப்பக்கம் ஆனது. வெட்டில் உறைந்து ஒட்டிக்கிடந்து, அடுத்த முறை சீவும்முன் உரித்தெடுக்கும் ஒட்டுப்பாலைச் சொன்னால் போதும் என்றார். பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் அவரிடம் காட்டாமல் விடவில்லை.

உரை அன்று மண்டபம் நிறைந்தது. வெட்டு ஏன் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ வேண்டும் என்பதற்கு வந்தபோதுதான் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பால் குழாய்கள் பட்டைக்குள் நேராக நிற்காமல் சில டிகிரி வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதற்குக் குறுக்காக, இடமிருந்து வலமாகத் தாழச் சீவினால்தான் நிறையக் குழாய்கள் அறுபடும். கங்காணி திட்டித் திட்டிப் பழக்கியதற்கு இப்படியொரு காரணம் இருந்தது எனக்கே மொழிபெயர்க்கும்போதுதான் தெரிந்தது.

கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார்.

“தம்பி, நான் இடது கைக்காரன். அந்தச் சாய்வுக்கு உளி எனக்கு வாட்டமா வராது. என் நெரையில மரத்துக்குக் காயம் சாஸ்தி. அதைப் பத்தி ஆராஞ்சீங்களா?”

பேராசிரியர் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.