ராமேசுவரம் தீவில் ஒரு வேளாக் கொம்பு

பாம்பன் பாலத்தையும் அரிச்சல்முனையையும் பற்றி எழுத ஆள் ஏராளம். நான் எழுத வந்தது தீவில் ஒரு மீனவர் வீட்டில் பார்த்த, வேளா என்ற ரம்ப மீனின் கொம்பைப் பற்றி. ஊர்ப் பெயர் வேண்டாம்.

சாமி படங்களுக்கு மேலே மாட்டியிருந்தார்கள். என் கை நீளம் இருக்கும். தட்டையான பலகை, இரண்டு ஓரமும் பற்கள். நுனியில் நெருக்கமாக, அடியில் தள்ளித் தள்ளி. சில பற்கள் உதிர்ந்து குழி மட்டும் இருந்தது. நடுவில் மஞ்சள், குங்குமம்.

“வேளா தம்பி. அப்பா காலத்துல பட்டது. உசுரோட பார்த்து எத்தனையோ வருசமாச்சு” என்றார் பெரியவர். திருக்கை வலைக்காரர்.

பரதவர் சினைச் சுறாவின் கோட்டை, அதாவது கொம்பை, நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அது வேளாதான் என்பது என் கட்சி. இந்தக் கரையில் வேறு எந்தச் சுறாவுக்குக் கொம்பு இருக்கிறது?

வேளா பார்க்கச் சுறா, உண்மையில் திருக்கை இனம். ஐந்து மீட்டரைத் தாண்டியும் வளரும். கொம்பை வீசி மீன் கூட்டத்தை அடித்துத் தின்னும். அந்தக் கொம்புதான் அதற்கு எமனும். வலைக்கண்ணில் ஒரு பல் மாட்டினால் போதும், திமிறத் திமிறச் சுற்றிக்கொள்ளும். குட்டிகள் குறைவு, பருவத்துக்கு வரவும் வருடக்கணக்காகும். பிடித்த வேகத்துக்கு அது எங்கே ஈடுகொடுக்க?

2001இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே பட்டியலில், வேளாவையும் சேர்த்தார்கள். கொம்பு வைத்திருந்தாலே வம்பு. ஊரைச் சொல்லாதது அதனால்தான்.

அமெரிக்காவின் புளோரிடாவில் 1995இல் கரையோரக் கடலில், மீனின் செவுளைச் சிக்கவைக்கும் செவுள் வலைக்குத் தடை வந்தது. 2003இல் அங்குள்ள வேளாவுக்கும் சட்டப் பாதுகாப்பு. இப்போது எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலப் பக்கம் குட்டிகள் தென்படுகின்றன. இதைச் சொன்னதும் பெரியவர் சிரித்துவிட்டார். “வலையை எடுத்துட்டா நாங்க எதைத் திங்கிறது?”

நியாயம்தானே. எனக்கு குஜராத் வழிதான் இங்கே சரிப்படும் என்று தோன்றுகிறது. அங்கே திமிங்கலச் சுறா மாட்டினால் மீனவரே வலையை அறுத்து விட்டுவிடுகிறார், வலைக்கு அரசு நஷ்டஈடு தருகிறது. நூற்றுக்கணக்கான சுறாக்கள் அப்படித் தப்பியிருக்கின்றன.

பெரியவர் வலையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார்.

“அது சரி தம்பி, அந்தக் காசு எத்தனை மாசத்துல கைக்கு வருது? அதைக் கேட்டுச் சொல்லுங்க.”