பாயின் ஆற்றங்கரையில் டிசம்பர்

டிசம்பர் 8

மூன்றே முக்காலுக்கே விளக்கு போட்டாயிற்று. அம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை. "ஏங்கண்ணு, இந்த ஊர்ல பொழுதே விடியாதா?" விடியும், எட்டரைக்கு மேல் என்றேன். ஆறு மணிக்குக் குளித்து முடித்தவளிடம் இதைச் சொன்னால் எப்படி நம்புவாள்.

டிசம்பர் 10

தலை இறங்கிவிட்டது, இனி எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று மிட்வைஃப் சொன்னாள். இதையேதான் போன முறையும் சொன்னாள்.

டிசம்பர் 11

ஒன்றுமில்லை. முதுகு வலி மட்டும்.

டிசம்பர் 12

இரவு இரண்டு மணி. எந்தப் பக்கம் படுத்தாலும் உதைக்கிறது, மல்லாந்து படுக்கக் கூடாது என்கிறார்கள். எழுந்து உட்கார்ந்து நியூகிரேஞ்ச் என்ற பழங்காலக் கல்லறை மேட்டைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அயர்லாந்தில், பாயின் ஆற்றங்கரையிலுள்ள இந்த ட்ரோஹெடாவுக்கு வந்ததிலிருந்து அந்த மேட்டைத் தாண்டி எத்தனையோ தடவை போயிருக்கிறோம். உள்ளே போனதில்லை. இப்போது இந்த வயிற்றோடு அந்தக் குறுகலான வழியில் நுழையவும் முடியாது.

கி.மு. 3200 வாக்கில் கட்டியது. கிசாவின் பிரமிடுகளை விடப் பழையது. உள்ளே 19 மீட்டர் நீளக் கல்வழி, அதன் முடிவில் ஓர் அறை. வாசல் வழியாக வரும் வெளிச்சம் அந்த அறையை எட்டாது. தரை உள்ளே போகப் போகச் சுமார் 2 மீட்டர் உயர்கிறது. அதனால் வாசலுக்கு மேலே தனியாக ஒரு திறப்பு வைத்திருக்கிறார்கள். அறையின் தரையும் அந்தத் திறப்பும் ஏறக்குறைய ஒரே மட்டம். டிசம்பர் 21-ஐ ஒட்டிய சில காலைகளில் மட்டும் 8.58 வாக்கில் சூரியன் அதன் வழியாக நுழைந்து அறை வரை போகும். 17 நிமிடம். அப்புறம் அடுத்த வருஷம்தான்.

அந்தத் திறப்பை மூட வெண்படிகக் கற்கள் வைத்திருந்தார்களாம். கல்லை இழுத்து இழுத்து உரசிய தடம் இன்னும் இருக்கிறது. யாரோ ஒருவர் திரும்பத் திரும்பத் திறந்து மூடியிருக்கிறார். எல்லாவற்றையும் விட இந்தக் கீறல்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

டிசம்பர் 13

சாயங்காலம் திரும்பிவிட்டது! ஆண்டிலேயே சீக்கிரம் இருட்டுவது இந்த நாட்களில்தான், 21-ஆம் தேதி அல்ல. இந்தப் பருவத்தில் ஓர் உச்சிவேளையிலிருந்து அடுத்த உச்சிவேளைக்கு 24 மணி நேரத்தை விட அரை நிமிடம் போல அதிகம் ஆகிறது. அதனால் கடிகாரப்படி முழுப் பகலும் மெல்லப் பின்னால் நகர்கிறது. சூரியன் மறைவது இப்போதே தள்ளிப்போக ஆரம்பித்துவிடும். உதிப்பது மட்டும் மாதக் கடைசி வரை இன்னும் தாமதமாகிக்கொண்டே போகும். பகல் மிகக் குறுகியது 21-இல், ஏழரை மணி நேரம்.

இதை அவரிடம் சொன்னேன். "அப்படியா, சாப்பிட்டியா?" என்றார்.

டிசம்பர் 15

கடைத்தெருவில் மெழுகுவத்தி விற்கிறார்கள், முச்சுழி போட்டது. "செல்டிக் யூல்" என்று அட்டை. எரிச்சலாக வந்தது. அந்த முச்சுழி நியூகிரேஞ்ச் அறைக்குள் கல்லில் செதுக்கியது. கெல்ட் (செல்டிக்) மொழி பேசியவர்கள் இந்தத் தீவுக்கு வந்தது அதற்குக் குறைந்தது ஆயிரம் வருஷமாவது கழித்து. யூலோ ஜெர்மானிய, நார்டிக் மக்களின் குளிர்காலப் பண்டிகை. பக்கத்திலேயே "துருயிது ஒட்டுண்ணிக் கொத்து" வேறு, மரத்தில் ஒட்டி வளரும் மிசில்டோ செடி. துருயிதுப் பூசாரிகள் வெள்ளை உடை உடுத்தி, பொன் அரிவாளால் ஓக் மரத்து ஒட்டுண்ணியை அறுத்ததாக எழுதியது ரோமானிய எழுத்தாளர் பிளினி. அவர் சொன்னது கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்) நாட்டுப் பூசாரிகளைப் பற்றி. அதற்கு அவர் தரும் நாளும் பிறை ஆறாம் நாள்தான், சூரியனைப் பற்றிப் பேச்சே இல்லை. அயர்லாந்தில் அந்தச் செடியே அபூர்வம்.

அதைக் குடித்தால் மலட்டு விலங்கும் சூல்கொள்ளும் என்று நம்பினார்களாம். எனக்கு இப்போது அது தேவையில்லை.

மெழுகுவத்தியை வாங்கிவிட்டேன். வாசனை நன்றாக இருந்தது.

டிசம்பர் 16

மார்கழி பிறந்துவிட்டது. அம்மா வாசலில் கோலம் போட்டாள், சின்னதாக, நாலு புள்ளி வைத்து. பத்து நிமிடத்தில் மழை. பக்கத்து வீட்டுப் பாட்டி சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அரை மணியில் ஹோலி என்ற செடியின் ஒரு கிளையோடு வந்துவிட்டாள், கதவில் மாட்டச் சொல்லி. முள் முள்ளாக இலை, ரத்தச் சிவப்பில் பழம். குளிரிலும் பச்சை மாறாது என்பதால் வீட்டுக்குள் கொண்டுவருவார்கள் என்றாள். அம்மாவுக்கு அது உடனே புரிந்தது. மாவிலைக்குப் பதிலாக நிலையில் செருகிவிட்டாள்.

டிசம்பர் 17

தேதி தாண்டிவிட்டது.

இன்று படித்ததை யாரிடமும் சொல்ல முடியாது. நியூகிரேஞ்ச் அறையில் கிடைத்த ஓர் ஆணின் எலும்பை மரபணுச் சோதனை செய்து 2020-இல் வெளியிட்டார்கள். அவனுடைய தாயும் தந்தையும் உடன்பிறப்புகள், இல்லாவிட்டால் பெற்றவரும் பிள்ளையும். அரச குலம் ரத்தத்தை வெளியே விடாமல் வைத்திருந்திருக்கலாம் என்கிறார்கள். பக்கத்து மேடான டௌத் பற்றி இடைக்கால ஏட்டில் ஒரு கதை இருக்கிறது. ஒரே நாளில் கோபுரம் கட்ட ராஜா ஆள் திரட்டுகிறான். வேலை முடியும்வரை சூரியன் மறையாமல் அவன் தங்கை மந்திரத்தால் நிறுத்துகிறாள். அவன் அவளையே சேர்கிறான். மந்திரம் அறுந்து இருட்டுகிறது. ஐயாயிரம் வருஷ நினைவு அது என்று சிலர் குதிக்கிறார்கள். எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை. ஆனால் டௌத்தின் தெற்கு அறைக்குள் வெளிச்சம் போவது இதே நாட்களில், மாலையில், சூரியன் மறையும்போது.

வயிற்றில் கைவைத்துக்கொண்டு இதையெல்லாம் படிக்கக் கூடாதுதான்.

டிசம்பர் 18

மேகம்.

டிசம்பர் 19

மேகம். அந்த அறைக்குள் நிற்கக் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களை நினைத்துக்கொண்டேன். 30,000 பேர் வரை எழுதிப் போட்ட வருஷங்கள் உண்டு. இடம் கிடைத்தும், இருட்டில் நின்று, சாம்பல் நிற வானத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது, ஏனென்றால் யாரும் பணம் வாங்குவதில்லை.

திங்கட்கிழமை வரை பார்க்கலாம், அப்புறம் வலி வரவைக்கலாம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அம்மா பஞ்சாங்கத்தை எடுத்தாள். மூலம் வேண்டாமாம். மார்கழியும் வேண்டாம், உத்தராயணம் பிறக்கட்டும் என்றாள். "பீஷ்மர் கூட அதுக்குத்தான..." என்று ஆரம்பித்துத் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா, சூரியன் வடக்கே திரும்புவது நாளை மறுநாளே, நம் பஞ்சாங்கம்தான் தை வரை காத்திருக்கிறது என்றேன். பூமியின் அச்சு மெல்லச் சுற்றுவதால் 72 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் விலகி விலகி இவ்வளவு தூரம் வந்துவிட்டது. "எங்க பாட்டி காலத்துல இருந்து தை ஒண்ணுதான்" என்று புத்தகத்தை மூடிவிட்டாள்.

டிசம்பர் 20

ஐரிஷ் தேவதை போவனின் கதையை மறுபடி படித்தேன். இந்தப் பாயின் ஆறே அவள்தான். தக்டா என்ற தெய்வம் அவளை விரும்புகிறான். அவள் கணவன் எல்க்மாரை ஒரு வேலையாக அனுப்பிவிட்டு, ஒன்பது மாதம் அவனுக்கு ஒரே பகலாகத் தெரியும்படி செய்கிறான். பசி இல்லை, இருட்டு இல்லை. சூரியனையே நிறுத்திவிட்டான் என்றும் சொல்வார்கள். கருத்தரித்த பகலிலேயே பிள்ளை பிறக்கிறது. ஏங்கஸ். பிறகு நியூகிரேஞ்ச் மேடு அவன் வீடாகிறது.

கதையை ஏட்டில் எழுதியவர்கள் கிறிஸ்தவத் துறவிகள், மேடு கட்டி நாலாயிரம் வருஷத்துக்கும் பிறகு. கட்டியவர்கள் என்ன நம்பினார்கள் என்பதற்கு ஒரு வரி கூடக் கிடையாது. சரி. ஆனால் சூரியன் நிற்கும் இடத்தில் சூரியனை நிறுத்திப் பிள்ளை பெற்ற கதை எப்படி வந்து ஒட்டிக்கொண்டது? அதுவும் ஆண்கள் சொன்ன கதையாகத்தான் இருக்க வேண்டும். ஒன்பது மாதம் ஒரே பகலாகத் தெரிந்தது எல்க்மாருக்கு. போவனுக்கு எப்படித் தெரிந்தது என்று எங்கும் இல்லை. வாந்தி வந்ததா, கால் வீங்கியதா, அந்தப் பகல் முழுக்க அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள்?

எனக்கு நிற்கவே வேண்டாம். நகர்ந்தால் போதும்.

டிசம்பர் 21

அவர் விடியுமுன்னே கிளம்பி மேட்டுக்கு வெளியே போய் நின்றார். நான்தான் விரட்டினேன். தப்பு அடிப்பவர்களும் மாலை சூடியவர்களும் நாய்களோடு வந்தவர்களுமாகக் கூட்டமாம். மேகத்தில் ஒரு கீறல் விழுந்து இரண்டு நிமிடம் வெயில் வந்ததாம். எல்லோரும் கைதட்டினார்களாம். போனில் எடுத்த படத்தில் எல்லாம் அடுத்தவர் தலைதான்.

1967-இல் இதே நாளில் மைக்கேல் ஓ'கெல்லி அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்தார். அங்கே அகழாய்வு செய்துகொண்டிருந்தவர் அவர். சூரியன் உள்ளே வரும் என்று ஊர்க்காரர்கள் பேசிக்கொள்வது உண்மையா என்று பார்க்கப் போய், வெளிச்சம் தரையில் ஊர்ந்து வருவதைப் பார்த்தார். வெளியே கூட்டம் கிடையாது. கைதட்ட யாருமில்லை. அந்தக் காலையைத்தான் பார்க்க ஆசை.

மதியத்திலிருந்து இடுப்பு இழுக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 22

அதிகாலை 4.40. எட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை வருகிறது. மருத்துவமனைக்குப் பேசியாயிற்று, வரச் சொல்லிவிட்டார்கள். அவர் வெளியே கார் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். அம்மா ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே இன்றைக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்கிறாள். இங்கத்து நேரமா நம்மூர் நேரமா என்று கேட்பதற்குள் மறுபடி