பிஎம் 2.5 பிராஜக்ட் வைவா: ஸ்டேஷன் வாரியாகப் பிரியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்

ரிசல்ட் வந்துவிட்டது. பிராஜக்டில் நினைத்ததைவிட நல்ல மதிப்பெண். சாட்டிலைட் தரவையும் மெஷின் லேர்னிங்கையும் வைத்து ஒரு வட்டாரத்தின் காற்று மாசை, அதாவது பிஎம் 2.5 என்ற நுண்துகள்களின் அளவை, கணிக்கும் தலைப்பை அடுத்து எடுக்கப் போகிறவர்களுக்காக, சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ரிவியூ, ரிப்போர்ட் சடங்கெல்லாம் உங்களுக்கே தெரியும்.

என்னைக் காப்பாற்றியது ஒரே விஷயம். டேட்டாவை மாடலைப் பழக்க டிரெயின், சோதிக்க டெஸ்ட் என்று பிரிக்கும்போது வரிசைகளைக் குலுக்கிப் பிரிக்கவில்லை. ஸ்டேஷன் (காற்று மாசை அளக்கும் நிலையம்) வாரியாகப் பிரித்தேன். ஒரு ஸ்டேஷனின் எல்லா நாட்களும் ஒன்று டிரெயினில் இருக்கும், இல்லை டெஸ்டில் இருக்கும். அவ்வளவுதான்.

இந்த பிராஜக்டின் நோக்கமே ஸ்டேஷன் இல்லாத இடத்தில் பிஎம் 2.5 எவ்வளவு என்று சொல்வது. குலுக்கிப் பிரித்தால் ஒரே ஸ்டேஷனின் திங்கள்கிழமை டிரெயினிலும் செவ்வாய்க்கிழமை டெஸ்டிலும் போய் உட்காரும். இரண்டு நாளும் பெரும்பாலும் ஒரே காற்று. அது போக, அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், சாலை அடர்த்தி இவையெல்லாம் ஒரு ஸ்டேஷனுக்கு மாறவே மாறாது. ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் மாடல்) அந்த எண்களை வைத்தே இது எந்த ஸ்டேஷன், இதன் வழக்கமான அளவு என்ன என்று பிடித்துக்கொள்ளும். சாட்டிலைட் தரும் ஏஓடி என்ற துகள் அளவைப் பெரிதாகக் கண்டுகொள்ளாமலே, வினாத்தாளை முன்கூட்டிப் பார்த்த பையன் மாதிரி 0.9 பக்கம் ஒரு ஆர் ஸ்கொயரை (1-ஐ நெருங்கினால் கணிப்பு நன்று என்று காட்டும் எண்) கொண்டுவந்து நீட்டும்.

வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் என் பேட்ச்சில் எல்லாரிடமும் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "டெஸ்டில் இருக்கும் ஸ்டேஷன் டிரெயினிலும் இருக்கிறதா?" வண்ண வண்ண மேப்போடு வந்தவர்கள் அங்கேயே திணறினார்கள். என் எண் அவர்களுடையதைவிட நன்றாகவே குறைவு. கடைசி ரிவியூ வரை கைடு "ஏன் இவ்வளவு கம்மி? டீப் லேர்னிங் போட்டுப் பாருங்க" என்று நச்சரித்துக்கொண்டுதான் இருந்தார். நான் மாடலை மாற்றவில்லை. குலுக்கிப் பிரித்தால் வரும் எண், ஸ்டேஷனை விலக்கினால் வரும் எண், இரண்டையும் ஒரே அட்டவணையில் அருகருகே போட்டேன். வைவாவில் பாதி நேரம் அந்த அட்டவணையிலேயே ஓடியது. ஸ்டேஷன்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால் இதுவும் போதாது, கொத்துக் கொத்தாக விலக்க வேண்டும். அடுத்த ஆண்டைக் கணிப்பதாகச் சொல்லிக்கொள்கிறீர்களா, அப்படியானால் ஓர் ஆண்டை முழுதாக விலக்கிக் காட்டுங்கள்.

மீதி பாதி நேரம் இயற்பியல். ஏஓடி என்பது தரையிலிருந்து வளிமண்டல உச்சி வரை துகள்கள் ஒளியை எவ்வளவு மறைக்கின்றன என்ற அளவு. அதற்கு அலகு கிடையாது. பிஎம் 2.5 என்பது தரைமட்டத்தில் ஒரு கன மீட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்ற எடை. இரண்டுக்கும் இடையில் நிற்பவை இரண்டு. பவுண்டரி லேயர் (தரையை ஒட்டிக் காற்று கலக்கும் அடுக்கு) தாழ்ந்தால் அதே துகள்கள் மெல்லிய படலத்தில் அடைபட்டுத் தரையில் செறிவு கூடும், ஏஓடி அப்படியே இருக்கும். ஈரப்பதம் கூடினால் துகள்கள் நீரை இழுத்து உப்பி ஏஓடி ஏறும், ஆனால் ஸ்டேஷனில் காற்றை உலர்த்தித்தான் அளக்கிறார்கள் என்பதால் அங்கே அந்த ஏற்றம் தெரியாது. ஈஆர்ஏ 5 என்ற வானிலைத் தரவுத் தொகுப்பிலிருந்து இவற்றை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால் இதுதான் பதில். தரைமட்ட ஒப்பு ஈரப்பதம் அதில் நேரடியாகக் கிடைக்காது. 2 மீட்டர் வெப்பநிலையையும் பனிநிலையையும் (டியூ பாயிண்ட்) வைத்துக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். இந்தப் பகுதியை ஸ்லைடில் படிக்காதீர்கள். தாளில் படம் வரைந்து யாருக்காவது சொல்லிப் பாருங்கள்.

மாடலின் அமைப்பு எண்களைத் திருகிப் பார்க்கும் ஹைப்பர்பேராமீட்டர் ட்யூனிங்கில் எனக்குப் பொறுமை கிடையாது. ரேண்டம் ஃபாரஸ்ட், எக்ஸ்ஜிபூஸ்ட், ஒப்பிட ஒரு சாதாரண லீனியர் மாடல், போதும் என்று விட்டுவிட்டேன். அதில் ருசி உள்ளவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றவை, வரிசை எதுவும் இல்லை:

- டெர்ரா சாட்டிலைட் காலை 10.30, அக்வா சாட்டிலைட் பகல் 1.30 வாக்கில் கடக்கும் என்று எல்லாரும் எழுதுகிறோம். இரண்டும் பழசாகி, சுற்றுப்பாதை நேரம் இப்போது நகர்ந்துகொண்டிருக்கிறது. அண்மை ஆண்டுகளின் தரவு என்றால் ஒரு வரி எழுதிவிடுங்கள்.
- அவற்றிலுள்ள மோடிஸ் கருவியின் மையாக் ஏஓடி தரவு 1 கிலோமீட்டர் தெளிவு. ஈஆர்ஏ 5 0.25 டிகிரி. இரண்டையும் ஒரே கட்டத்துக்குக் கொண்டுவந்தாலும் வானிலைத் தகவல் 1 கிலோமீட்டர் நுணுக்கத்துக்கு மாறிவிடாது. இதைக் கேட்டே தீருவார்கள்.
- டிரோபோமி என்ற சாட்டிலைட் கருவியின் நைட்ரஜன் டை ஆக்சைடு தரவை எடுத்தால் தர மதிப்பு 0.75-க்கு மேல் உள்ளதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2019 ஆகஸ்டில் அதன் பிக்சல் நீளம் 7-இலிருந்து 5.5 கிலோமீட்டராகக் குறைந்தது; அதற்கு முன்பும் பின்பும் கலந்து ஒப்பிடும்போது கவனம்.
- "மேகம் இருந்த நாளை என்ன செய்தீர்கள்?" "விட்டுவிட்டேன்" என்றால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். மேகமுள்ள நாட்களின் காற்று வேறு மாதிரி, அவற்றை விட்டால் ஆண்டு சராசரி கோணலாகும்.
- ரேண்டம் ஃபாரஸ்ட், எக்ஸ்ஜிபூஸ்ட் போன்ற மர வகை மாடல்கள் டிரெயினில் பார்த்த உச்சத்துக்கு மேல் பெரும்பாலும் கணிக்காது. கடும் மாசு நாட்கள் குறைவாகத்தான் வரும். ஸ்கேட்டர் பிளாட்டில் அவர்கள் பார்ப்பதற்கு முன் நீங்களே காட்டிவிடுங்கள்.
- எந்த உள்ளீடு கணிப்பை எவ்வளவு மாற்றியது என்று காட்டும் ஷேப் படத்தைக் காட்டி 'இதனால்தான் மாசு' என்று சொல்லாதீர்கள். மாடல் எதை நம்பியது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது.
- சாட்டிலைட்டும் ஈஆர்ஏ 5-உம் யுடிசி (உலகப் பொது) நேரம், ஸ்டேஷன் தரவு பெரும்பாலும் உள்ளூர் நேரம். முதலில் எல்லாவற்றையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள், அப்புறம் தினசரி சராசரி எடுங்கள். மாற்றாமல் ஓட்டினாலும் எர்ரர் எதுவும் வராது. அதனால்தான் கடைசி வரை கண்ணில் படாது.