பெல்ட்டுக்கு மேலே

சேலம் அம்மாபேட்டையில் ஆண்களுக்கான தையல் கடை வைத்து 26 வருடம் ஆகிறது. அளவு நோட்டுகளை நான் தூக்கிப் போடுவதில்லை. ஒரே ஆளின் உடம்பு பத்துப் பதினைந்து வருடம் என் கையெழுத்தில் இருக்கும்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக் கடை ஒன்றில் கணக்கு எழுதும் தம்பி ஒருவர். 2006-இல் கல்யாண பேன்ட் என்னிடம்தான் தைத்தார். இடுப்பு 30. அப்புறம் 2012-இல் 33. போன தீபாவளிக்குத் துணியோடு வந்தவர், "அளவு எதுக்குங்கண்ணா, 34 போட்டுருங்க. ரெடிமேடும் அதுதான் எடுக்கறேன்" என்றார்.

டேப்பைச் சுற்றினேன். பெல்ட் கட்டுகிற இடத்தில் 34 சரிதான். ஆனால் அந்த பெல்ட் தொப்புளுக்கு நான்கு விரல் கீழே இறங்கியிருந்தது. பேன்ட் முன்னால் தாழ்ந்து, பின்னால் ஏறி நின்றது. வயிறு பெல்ட்டின் மேல் மடிந்திருந்தது. டேப்பை மேலே ஏற்றினேன். 39.

மேலே ஏற்றி அளக்கச் சொல்லிக்கொடுத்தது என் மகள். நர்சிங் படிக்கிறாள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேட்டுக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு, டேப்பை இறுக்காமல் படிக்க வேண்டுமாம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தொட்டாலே கவனிக்க வேண்டும். என் டேப்பின் மறுபக்கம் சென்டிமீட்டர்தான். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் திருப்பிப் பார்த்ததில்லை. 90 என்றால் முப்பத்தைந்தரை இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு. என் கடைக்கு வரும் நாற்பது வயதுக்காரர்களில் அதற்குள் அடங்குகிறவர்கள் குறைவு.

டேப் பட்டதும் எல்லோரும் வயிற்றை எக்குவார்கள். பையன் என்ன படிக்கிறான் என்று கேட்பேன். பதில் சொல்லும்போது மூச்சு இறங்கும். அப்போதுதான் படிப்பேன்.

ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வில், ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கு 39.5 பேருக்கு வயிற்றுப் பருமன். கிராமத்தைவிட நகரத்தில் அதிகம். எனக்குக் கவலை தருவது கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் வந்தவர்கள். எடை மெஷின் அவர்களைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது. கல்லீரலையும் குடலையும் சுற்றிச் சேருகிற கொழுப்புதான் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாரடைப்புக்கும் வழி விடுகிறது என்று மகள் சொன்னாள்.

எல்லோரும் தட்டுவடை செட்டையும் பரோட்டாவையும் குறை சொல்கிறார்கள். எனக்கென்னவோ அந்த உட்காருகிற உட்காரலைத்தான் சொல்லத் தோன்றுகிறது. வீட்டு வாசலில் வண்டியில் ஏறினால் கடை வாசலில் இறக்கம். காலை பத்து மணிக்குக் கணக்குப் பலகை முன்னால் உட்கார்ந்தவர் ராத்திரி ஒன்பதுக்கு எழுகிறார். பத்தரைக்குச் சோறு, உடனே படுக்கை.

அன்றைக்கு அந்தத் தம்பியிடம் நோட்டைத் திறந்து மூன்று எண்களையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "வளர்ந்தா பிரிச்சு விட, பின்தையல்ல துணி விட்டுருங்கண்ணா" என்றார். "விடறேன். ஆனா முதல்ல சர்க்கரை டெஸ்ட் பண்ணிட்டு வாங்க, தம்பி" என்றேன். சர்க்கரை எல்லையில் நின்றது.

பங்குனியில் வந்தார். வண்டியை விட்டுவிட்டு நடந்தே கடைக்குப் போகிறாராம், ராத்திரி டிபனைக் கடைக்கே கொண்டுபோய் எட்டுக்குள் முடிக்கிறாராம். டேப்பைத் தானே மேலே ஏற்றிப் பிடித்தார். முப்பத்தேழரை. 39-க்குப் பக்கத்தில் எழுதி, தேதி போட்டேன்.